தவறிப் போன ஒரு மணி நேரம்: அக்காவின் காணொலி நேர்காணல் கற்றுத் தந்தவை

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முடிந்து இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை, மாலை மணி 5.45. புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டின் பின்னறையில் என் பெரியம்மா மகள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தார். இஸ்திரி போட்ட மேலங்கி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர், அச்சடித்த விண்ணப்பப் படிவம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. நேர்காணல் அவர்கள் நேரப்படி காலை 10 மணிக்கு. எட்டு மணி நேர வித்தியாசம் என்பதால் நமக்கு மாலை 6 மணி என்று கணக்குப் போட்டு, நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

இணைப்பைத் திறந்தார். யாரும் உள்ளே அனுமதிக்கவில்லை. 6 மணி ஆயிற்று. 6.10 ஆயிற்று. அப்போதுதான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தார். மாலை 5.08-க்கு ஒரு மடல்: நாங்கள் காத்திருக்கிறோம், இணைப்பில் ஏதேனும் சிக்கலா? 5.20-க்கு இன்னொன்று. 5.31-க்கு வந்த மூன்றாவது மடல், அடுத்தவரை அழைக்க வேண்டியிருப்பதால் வருந்துகிறோம் என்று முடிந்திருந்தது.

என்ன நடந்தது? பிரிட்டனில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று பின்னே தள்ளி வைப்பார்கள். அழைப்பு வந்த நாளில் வித்தியாசம் எட்டு மணி நேரம். நேர்காணல் நாளில் அது ஏழு. அவர்களின் காலை 10 மணி, நமக்கு மாலை 5 மணி. அக்கா இஸ்திரி போட்டுக் கொண்டிருந்தபோது அங்கே நான்கு பேராசிரியர்கள் காலி நாற்காலியைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

தவறு அக்காவுடையதுதான். அவரே அப்படித்தான் சொன்னார். ஆனால், நம் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது எளிதில் தோன்றாத ஒன்று. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கடைசியாக நகர்ந்தது 1982 ஜனவரி 1-ஆம் தேதி, அதுவும் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு பிறந்த நாமெல்லாம், நேரம் என்பது ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கும் ஒன்று என்றே நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. அடுத்த நாள் என்னிடம் வந்து, “தம்பி, இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். இந்தத் தடவை நீயும் கூட இரு” என்றார். அந்த ஐந்து வாரங்களில் நான் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இருபது வயது. வெளிநாட்டில் விரிவுரையாளர் வேலைக்குப் போகும் நிலையில் நான் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோரும் இல்லை. ஆனால் உபகாரச் சம்பளம், தொழிற்பயிற்சி, மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று எதற்குப் போனாலும் திரைக்கு முன் உட்காரும் நாள் நமக்கும் வரத்தான் போகிறது.

ஜாசின் தோட்டத்திலிருந்து புக்கிட் பெருவாங் வரை

அக்காவின் வீடு ஜாசின் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, அரசுப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம் என்று ஏறி வந்தவர். இப்போது ஓராண்டு ஒப்பந்தத்தில் பாடம் நடத்துகிறார். ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. அதன்பின் நீட்டிப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அந்த விண்ணப்பங்களுக்குப் பின்னால் இருந்த அவசரம் இதுதான்.

தோட்டத்தில் இணையம் வரும், போகும். எங்கள் புக்கிட் பெருவாங்கில் அந்தத் தொல்லை குறைவு. 1996-இல் யுனிவர்சிட்டி டெலிகோம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம், இன்றைய மல்டிமீடியா பல்கலைக்கழகம், இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் நிறைந்த ஊர் என்பதால் பைபர் இணைப்பு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதனால்தான் அக்கா நேர்காணலுக்கு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்.

இணையம் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதை நாடு 2020-இல் கண்டது. சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி, அலைவரிசை கிடைக்க மரத்தில் ஏறி அமர்ந்து தேர்வு எழுதினார். நல்ல இணைப்பு உள்ள உறவினர் வீடு, பள்ளி, நூலகம் என்று ஓர் இடத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் வேலை, நேரத்தை எழுத்தில் உறுதி செய்வது

ஏப்ரல் நடுப்பகுதியில் இரண்டாவது அழைப்பு வந்தது. அதுவும் பிரிட்டனில்தான். மே மாதத் தொடக்கத்தில், அவர்கள் நேரப்படி காலை 9.30-க்கு. அக்கா உடனே பதில் எழுதினார்: “உங்கள் காலை 9.30, மலேசிய நேரப்படி மாலை 4.30 என்று புரிந்து கொள்கிறேன். சரிதானே?” ஒரே வரி. சரி என்று பதில் வந்தது. முதல் நேர்காணலைத் தவறவிட்டதற்கு இந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

எந்த நாடாக இருந்தாலும் இப்படிக் கேட்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகின்றன. பிரிட்டன் மாற்றும் நாள் வேறு. ஆஸ்திரேலியாவில் சிட்னி மாற்றும், பிரிஸ்பன் மாற்றாது. மனக்கணக்கை நம்பாமல், நேர்காணல் தேதியைக் கொடுத்து இணையத்தில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இன்றைய தேதிக்குப் பார்த்தால் அக்காவுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

“இந்தக் குளத்துத் தண்ணிய என்னம்மா பண்ணப் போற?”

அடுத்து, ஒத்திகை. எங்கள் வீட்டு வரவேற்பறையில் தேர்வுக் குழு ஒன்று அமைந்தது. பாலர்பள்ளி ஆசிரியையான என் அம்மா தலைவர். நானும் என் வகுப்புத் தோழனும் உறுப்பினர்கள். அக்கா பின்னறையில், நாங்கள் முன்னறையில், நடுவில் ஸூம்.

முதல் கேள்வி எல்லா நேர்காணலிலும் வருவது: உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். அக்கா நான்கு நிமிடம் பேசினார். அத்தனையும் கலைச்சொற்கள். என் தோழனுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா நேராகக் கேட்டுவிட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் குளத்துத் தண்ணிய என்னம்மா பண்ணப் போற?”

அக்காவின் ஆய்வு செம்பனை ஆலைக் கழிவுநீர் பற்றியது. ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்கும்போது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியேறுகிறது. பழுப்பு நிறத்தில், சூடாக, எண்ணெய்ப் பசையோடு ஆலைக்குப் பின்னால் உள்ள குளங்களுக்குப் போகிறது. அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும்போது மீத்தேன் வாயு எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் மின்சாரம் தயாரிக்கலாம். இன்னும் கூடுதலாக எப்படிப் பிடிப்பது என்பதுதான் அக்காவின் ஆய்வு.

இதை அம்மாவுக்குச் சொன்னது போலவே குழுவுக்கும் சொல்லுங்கள் என்றோம். அக்கா தயங்கினார். தோட்டத்தில் வளர்ந்ததைச் சொன்னால் குறைவாக நினைப்பார்களோ என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதுவரை எந்த விண்ணப்பத்திலும் அதை எழுதியதில்லை. அம்மாதான் சொன்னார்: “அந்த நாத்தத்துலதானே வளர்ந்த. உன்னைவிட அதைத் தெரிஞ்சவங்க அந்தக் குழுவுல யாரு இருக்கப் போறாங்க?”

மூன்றாவது ஒத்திகையில் அக்காவின் பதில் இப்படித் தொடங்கியது: “நான் வளர்ந்த வீட்டிலிருந்து பார்த்தால் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளம் தெரியும். மழைக்கு முன் காற்று வீசினால் வீட்டுக் கதவைச் சாத்துவோம். அந்த நாற்றத்தில் இருப்பது வீணாகும் எரிபொருள் என்று பல்கலைக்கழகத்தில்தான் கற்றேன்.” மொத்தம் இரண்டு நிமிடம். தோழன் கைதட்டினான்.

குழு என்ன கேட்கும்?

கல்வித் துறை நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும். உங்கள் ஆய்வு என்ன? எப்படிப் பாடம் நடத்துவீர்கள்? அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? ஏன் எங்கள் பல்கலைக்கழகம்? கடைசியாக, எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?

“ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?” என்பதற்குப் “புகழ்பெற்ற பல்கலைக்கழகம்” என்று சொல்வது பதிலே அல்ல. அக்கா அந்தத் துறையின் பாடத்திட்டத்தைப் படித்து, தம்மால் நடத்தக்கூடிய இரண்டு பாடங்களைக் குறித்தார். தம் ஆய்வோடு ஒத்துப்போகும் ஆய்வுக்கூடம் எது என்று பார்த்தார். குழுவில் இருப்பவர்களின் பெயர்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையையாவது புரட்டினார். பெயர்களை உச்சரிக்கவும் பழகினார். நம் பெயரைப் பிறர் தப்பாக உச்சரித்தால் நமக்கு எப்படி இருக்கிறது?

பாடம் நடத்துவது பற்றிய கேள்விக்குக் கொள்கை பேசக் கூடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும். என்ன நிலைமை, என்ன செய்ய வேண்டியிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்ற நான்கு படிகள் போதும். மலாயில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, ஆங்கிலத்திலும் கேட்க முடியாமல் தவித்த மாணவர்களுக்காக வகுப்பு முடிவில் சீட்டில் எழுதித் தரச் சொன்னதை அக்கா எடுத்துக்காட்டாக வைத்துக் கொண்டார்.

பழக்கத்தில் வரும் சில சொற்களையும் மாற்ற வேண்டியிருந்தது. நாம் பள்ளியிலிருந்தே வாக்கியத்துக்கு ஒரு தடவை “சார்”, “மேடம்” போடுவோம். அங்கே அப்படி அழைப்பதில்லை. பேராசிரியர், டாக்டர் என்று பெயரோடு சொன்னால் போதும். “எனக்கு அவ்வளவாகத் தெரியாது” என்று பணிவுக்காகச் சொல்வதும் நம் வழக்கம். அங்கே அதை அப்படியே எடுத்துக் கொள்வார்கள். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது தற்பெருமை ஆகாது.

நம் ஊரில் கேட்கும் “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்ற கேள்வி அங்கே வரக் கூடாது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் திருமணம், பிள்ளைப்பேறு, சமயம் போன்றவற்றை வைத்து ஆளை ஒதுக்குவதைத் தடை செய்கிறது.

கேமராவும் விளக்கும் லாரியும்

தொழில்நுட்பம் பற்றி நிறையச் சொல்லலாம். எங்களுக்கு உண்மையில் உதவியவை இவைதான்.

கேமரா கண் உயரத்தில் இருக்க வேண்டும். என் பழைய எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள் ஆறு அடுக்கியதும் மடிக்கணினி சரியான உயரத்துக்கு வந்தது. அந்தப் புத்தகங்கள் கடைசியில் ஒருவருக்குப் பயன்பட்டன.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் கறுத்துவிடும்.

படத்தைவிட ஒலி முக்கியம். படம் உறைந்தாலும் குரல் கேட்டால் நேர்காணல் தொடரும். குரல் போனால் எல்லாம் போயிற்று. ஒலிவாங்கி உள்ள கம்பி இயர்போன் போதும். வை-ஃபைக்குப் பதிலாக மோடத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்தோம்.

குறிப்புகளை ஒரே தாளில், பத்துப் பதினைந்து சொற்களாக, கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முழு வாக்கியமாக எழுதினால் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். கண் நகர்வது அவர்களுக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு ஒத்திகைக் கேள்விகள் தயாரிக்கலாம், தவறில்லை. நேர்காணல் நடக்கும்போதே அதன் பதிலைத் திரையில் பார்த்து ஒப்பிப்பது ஏமாற்று வேலை.

கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். ஒலி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும் என்பதால், அவசரப்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசும் நிலை வரும்.

இனி எங்கள் வீதி. மாலை நேரத்தில் ரொட்டி விற்பவரின் மோட்டார் சைக்கிள் ஒலி, பழைய நாளிதழ் வாங்கும் லாரியின் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு நாய், புல் வெட்டும் இயந்திரம். ஒத்திகையின்போது இவை ஒவ்வொன்றும் வரும் நேரத்தைக் குறித்து வைத்தேன். நேர்காணலன்று அம்மா வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, லாரியைக் கைகாட்டி வேறு வீதிக்கு அனுப்பிவிட்டார்.

நான்கு ஐம்பதுக்கு இடி இடித்தது

மே மாதத்து மாலை மலாக்காவில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் இடி மின்னலோடு கொட்டும். இதை எதிர்பார்த்து மடிக்கணினியை முழுதாக மின்னேற்றி வைத்திருந்தோம். மோடத்துக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கினோம். என் திறன்பேசியில் வேறு நிறுவனத்தின் இணையம் ஹாட்ஸ்பாட்டாகத் தயாராக இருந்தது. மேசை மீது மின்னேற்றும் விளக்கு ஒன்று. குழுவின் செயலாளருடைய தொலைபேசி எண்ணையும் அக்கா தாளில் எழுதி வைத்திருந்தார்.

4.30-க்குத் தொடங்கியது. 4.50-க்கு இடி. மின்சாரம் போய்விட்டது. நான் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. “மன்னிக்கவும், இங்கே இடியால் மின்சாரம் போய்விட்டது. என் குரல் கேட்கிறதா? நன்றி. விளக்கை ஏற்றிக் கொள்கிறேன்.” பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். நேர்காணல் 5.10-க்கு முடிந்தது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தேர்வாகவில்லை.

ஆனால், அக்கா கருத்துக் கேட்டு எழுதியதற்குக் குழுத் தலைவர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். ஆய்வைச் சொன்ன விதமும் மாணவர்களுக்குச் சீட்டுக் கொடுத்த எடுத்துக்காட்டும் நன்றாக இருந்தன. ஐந்தாண்டுத் திட்டம் தெளிவாக இல்லை. எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிப்பீர்கள் என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. அக்கா அந்தத் தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கருத்துக் கேட்பது நம் உரிமை. எல்லோரும் பதில் தர மாட்டார்கள். ஆனால் கேட்டால் இழப்பது ஒன்றுமில்லை.

எச்சரிக்கையாக ஒன்று

வெளிநாட்டு வேலை என்றதும் பணம் கேட்பவர்களும் வருவார்கள். எந்த உண்மையான பல்கலைக்கழகமும் நேர்காணலுக்கோ நியமனக் கடிதத்துக்கோ “செயலாக்கக் கட்டணம்” கேட்காது. மின்னஞ்சல் முகவரி பல்கலைக்கழகத்தினுடையதுதானா என்று பாருங்கள். அறிவிப்பு அவர்களின் அதிகாரபூர்வ அகப்பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டனில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை அந்நாட்டு அரசாங்கமே வெளியிடுகிறது.

வியாழக்கிழமை காலை 6 மணி

மூன்றாவது அழைப்பு நியூசிலாந்திலிருந்து வந்திருக்கிறது. இந்த வாரம் வியாழக்கிழமை. அங்கே இப்போது குளிர்காலம், வித்தியாசம் நான்கு மணி நேரம். அவர்களின் காலை 10 மணி, நமக்கு விடியற்காலை 6 மணி. எழுத்தில் உறுதி செய்தாயிற்று.

லாரித் தொல்லை இல்லை, இடிக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் இருட்டாக இருக்கும். சன்னல் வெளிச்சம் கிடைக்காது என்பதால் மேசை விளக்குகள் இரண்டை வைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுச் சேவல் ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஐந்தாண்டுத் திட்டத்தை ஆண்டு வாரியாக, நிதி வாரியாக எழுதி, நேற்றிரவு அம்மா தலைமையில் நான்காவது ஒத்திகை நடந்தது.

பெரியம்மா தோட்டத்திலிருந்து புதன்கிழமை மாலையே வந்துவிடுகிறார். “அவ்வளவு தூரம் போகணுமா?” என்று ஒரு பக்கம் கேட்கிறார், அக்காவுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் கேட்கிறார். முதல் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. வேலை கிடைத்த பிறகு அக்காவும் பெரியம்மாவும் பேசிக் கொள்ள வேண்டியது அது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஓர் அழைப்பு வரும். வந்ததும் முதலில் நேரத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். அதன்பின் வீட்டில் உள்ளவர்களில் உங்கள் துறை தெரியாத ஒருவரை உட்கார வைத்து, அவருக்குப் புரியும்படி இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். எங்கள் அம்மாவைப் போல் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார்.